நான் செய்த ரப்பர் வளையம்

பத்து வயதில் ஒரு டிராக்டரை ஓடவைத்தவள் நான். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. இன்றைக்குக் கூலாய் டவுனில், எண்ணெயோ தண்ணீரோ ஒழுகாமல் அடைக்கும் சீல், கேஸ்கட் விற்கும் கடை என் பெயரில் இருக்கிறது. இரண்டு கடைவீடுகளை இடித்துச் சேர்த்த பெரிய கடை. பட்டம் வாங்கிய இஞ்சினியர்கள் என் முன்னால் நின்று, "அக்கா, இதுக்கு எது தாங்கும்?" என்று கேட்கிறார்கள். இந்த மூளை எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கெல்லாம் டிராக்டர் கதையைத்தான் சொல்வேன். கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன்.

சிகாமட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அம்மா மரம் வெட்டிப் பால் எடுத்தாள். அப்பா டிராக்டர் ஓட்டினார். நாலு விரல் அகலத் தோல் பெல்ட்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு அவர் ஸீட்டில் ஏறி உட்காரும்போது துரையே தோற்றுப்போவார். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு மேனேஜர் கொடுத்த பெல்ட் அது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவுவார். பிள்ளைகள் தலைக்கு வைத்ததைவிட அதற்கு வைத்த எண்ணெய்தான் அதிகம் என்று அம்மா குத்திக்காட்டுவாள்.

அந்த டிராக்டரின் பெட்ரோல் தொட்டிக்குக் கீழே சின்னக் கண்ணாடிக் குவளை ஒன்று தொங்கும். பெட்ரோலில் வரும் தூசியெல்லாம் அதில் தங்கிவிடும். குவளையின் வாய்க்கும் மூடிக்கும் நடுவே ஒரு வளையம். அது மக்கிப்போய்ப் பெட்ரோல் ஒழுக ஆரம்பித்தது. அப்பா அட்டையில் வளையம் வெட்டி வைத்தார், ஊறிக் கிழிந்தது. சவர்க்காரத்தை அப்பினார், அரை நாள் நின்றது. புது வளையம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வர வேண்டுமாம்.

வியாழக்கிழமை தோட்டத்துக் கணக்கு பார்க்கும் கிராணி எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். திங்கட்கிழமை பால் ஏற்ற டிராக்டர் வரவில்லை என்றால் டவுனிலிருந்து லாரி வந்துவிடும், அதோடு டிராக்டர் வேலையும் முடிந்தது என்றார்.

"அப்புறம் என்னப்பா டிரைவரு, பெல்ட்ட அவுத்து வச்சிட்டு நீயும் கத்தியத் தூக்கிக்கிட்டு மரத்துக்கு வந்திட வேண்டியதுதான்."

அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

எனக்கோ ஒரு விஷயம் விளங்கவே இல்லை. ஊர் உலகத்து டயருக்கெல்லாம் எங்கள் மரத்துப் பால் போகிறது. துக்கடா வளையம் ஒன்றுக்கு நாங்கள் கப்பலைப் பார்த்து உட்கார்ந்திருப்பதா?

அம்மாவின் வாளியில் மிஞ்சிய பாலைத் தட்டில் ஊற்றினேன். ஸ்டோரில் பால் உறையவைக்கும் ஆசிட் கொஞ்சம் கேட்டு வாங்கி அதில் விட்டேன். உறைந்ததைப் போத்தலால் உருட்டித் தட்டையாக்கி, விறகடுப்புக்கு மேலே புகையில் மூன்று நாள் தொங்கவிட்டேன். அப்பா கழற்றி வைத்திருந்த குவளையைக் கவிழ்த்து அளவெடுத்து, அம்மாவின் கத்தியாலேயே வளையமாக அறுத்தேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லாம் நானே.

ஞாயிறு மத்தியானம் அதை அப்பாவிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார், கொஞ்ச நேரம்.

"வா தாயி, மாட்டிப் பாப்போம்."

ஒரு சொட்டு ஒழுகவில்லை! மட்கார்டில் எனக்காகப் பற்றவைத்திருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, லயத்து வீடுகளை இரண்டு சுற்று சுற்றினார். இறங்கியதும் நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். இருட்டும்வரை சொன்னேன்.

மறுநாள் டிராக்டர் பால் ஏற்றப் போனது. கிராணியே குனிந்து குவளையைத் தடவிப் பார்த்து, "அலாமாக்! யாரு செஞ்சது?" என்றார். "எம் மக" என்றார் அப்பா. குவளையில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது, இறுக்கம் போய்விடும் என்று எனக்கும் சேர்த்துச் சொன்னார்.

அன்றைக்கு அவர் கால்சட்டையைக் கயிற்றால் கட்டியிருந்தார். அம்மா கேட்டதற்கு, இளைத்துவிட்டேன், பெல்ட் நிற்கவில்லை என்றார். லயமே சிரித்தது. நான்தான் பலமாகச் சிரித்தேன். "கயித்து டிரைவரு! கயித்து டிரைவரு!" என்று டிராக்டர் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினேன். அப்பா திரும்பிப் பார்த்து அவரும் சிரித்தார்.

போன வருஷம் யோங் பெங்கில் ஒரு பழைய இரும்புக் கடையில் அதே டிராக்டரைப் பார்த்தேன். மட்கார்டில் அந்தக் கைப்பிடி இருந்தது. விலை கேட்டேன். கடைக்காரர், "பழைய இரும்புலா அக்கா, வீட்டுல வச்சி என்ன செய்வீங்க?" என்றார். ஓட்டுவேன் என்றேன். ரேடியேட்டர் குழாய், பிரேக் சீல் எல்லாம் என் கடையிலேயே கிடைத்தன. கிடைக்காததைக் கடைசல் பட்டறையில் கடைந்து வாங்கினேன். கண்ணாடிக் குவளையை மட்டும் தொடவில்லை. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் லீவில் வரட்டும் என்று காத்திருந்தேன். அவன் கண்ணால் பார்க்க வேண்டாமா? வந்தவன் குவளையில் கை வைத்தான்.

"மெதுவாடா. அதுல என் வளையம் இருக்கு."

"பச்ச ரப்பராம்மா? பெட்ரோல்லயா? கடையில தெனமும் நீங்க என்ன சொல்லுவீங்க?"

என்ன சொல்வேன்? பச்சை ரப்பர் பெட்ரோல் பட்டால் ஊதிக் கொழகொழத்துப் போகும், காசை வீணாக்காதே என்று நாற்பது வருஷமாகச் சொல்கிறேன். சின்ன வயதில் அம்மா கையில் ஒட்டிய ரப்பரை மண்ணெண்ணெய் போட்டுத்தான் கழுவுவாள். அதையும் பார்த்து வளர்ந்தவள். என் வளையத்தை மட்டும் அந்தக் கணக்கில் சேர்த்ததே இல்லை.

"நான் செஞ்சேன்டா. ஓடிச்சு. கண்ணால பாத்தேன்."

அவன் குவளையைக் கழற்றினான். வளையம் இருந்தது. கறுத்து, கட்டை மாதிரி இறுகி. நகத்தால் சுரண்டிவிட்டு என் கையில் வைத்தான்.

"தோலும்மா."

வெளிச்சத்தில் பிடித்தேன். வளையத்தின் இரண்டு பக்க ஓரத்திலும் வரிசையாக ஊசித் துளைகள். அப்பாவின் பெல்ட்டில் இரண்டு கரையிலும் ஓடிய தையல்.

என்னுடையது எத்தனை மணி நேரம் தாங்கியதோ. நான் வீடு வீடாகப் பெருமை பேசிக்கொண்டிருந்த அந்த ஞாயிறு சாயங்காலம் அப்பா எங்கே உட்கார்ந்து பெல்ட்டை அறுத்தாரோ. கப்பலில் வரவேண்டியது வரவே இல்லை போலிருக்கிறது. அந்தத் தோட்டத்தைவிட்டுக் கிளம்பும்வரைக்கும் அவருடைய பெயர் கயித்து டிரைவர்தான். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

அந்தப் பெயரையும் நானே செய்தேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது மட்டும் கடைசிவரை தாங்கியது.