அக்காவின் புதுக் கையுறை

மாலை நாலு இருபதுக்குப் பயிற்சியாளர் போன் செய்தபோது, அணியின் இரண்டாம் கோல்கீப்பர் புதுக் கையுறைகளை அலசிக்கொண்டிருந்தாள். அவை அவளுடையவை அல்ல, எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் முதல் கோல்கீப்பருடையவை. பதினேழு வயதில் கோல் முன்னால் வந்து நின்றவள் அக்கா. இருமுறை விரல் உடைந்தும் பதினாறு வருடமாக இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. புதுக் கையுறை விறைப்பாக இருக்கும், பந்து வழுக்கும். இருவருக்கும் ஒரே அளவுக் கை என்பதால் இவள்தான் ஒரு வாரம் போட்டு, அலசி, பழக்கித் தருவாள்.

“என் கல்யாணச் செருப்பு காலைக் கடிச்சுதுடி. உன்கிட்ட குடுத்திருந்தா அதையும் பழக்கியிருப்பே,” என்று நேற்றுகூட அக்கா சிரித்தாள்.

“பஸ்ஸை விட்டு இறங்கினவ நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாளாம்மா. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள உயிர் போயிடுச்சு,” என்றார் போனில் பயிற்சியாளர்.

“யாரு சார்?” என்றாள், புரிந்தும்.

“அக்காதாம்மா. ஞாயித்துக்கிழமை நீதான் நிக்கணும்.”

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஒன்பது வருடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இடக்கை உறை கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. வலக்கை உறையை அவள் இன்னும் அலசவில்லை.