ஒரு நாள் ஓனர்

போன திங்கட்கிழமை எங்கள் ஆபீஸில் இருபத்துமூன்று வயதுப் பெண் ஒருத்தியை 'ஓனர்' ஆக்கினார்கள். அவளோ அழுதுகொண்டிருந்தாள்.

விருதுநகரில் நான் வேலை பார்க்கும் சாஃப்ட்வேர் கம்பெனியைப் பற்றி இந்த வலைப்பூவில் பலமுறை புலம்பியிருக்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன் — சம்பளம் வேண்டுமே! 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்பார் எங்கள் எம்.டி. உண்மைதான்... கத்துவது மட்டும் அவர் ஒருவர்தான்.

பட்டாசு வியாபாரிகள் ஆர்டர் போட நாங்கள் ஒரு ஆப் செய்தோம். அதைச் சோதித்துப் பார்ப்பவள் செல்வராணி. 'டெஸ்ட் முடியவில்லை, இப்போது வெளியிட வேண்டாம்' என்று எம்.டி.க்கு மெயில் போட்டாள். 'நெகட்டிவாகப் பேசாதீர்கள். சீசன் உங்களுக்காகக் காத்திருக்குமா?' என்று பதில் வந்தது. ஆப் வெளியானது.

பத்துப் பெட்டி சங்குசக்கரம் கேட்ட வியாபாரிக்கு நூறு பெட்டி லோடு போய் இறங்கியது. மனிதர் போனில் போட்ட சத்தம் இருக்கிறதே... சரவெடி தோற்றது.

திங்கட்கிழமை மீட்டிங்கில் எம்.டி. ஆரம்பித்தார்.

"செல்வராணி, இதுக்கு நீங்கதான் ஓனர்ஷிப் எடுக்கணும். தப்பு என்னோடதுதான்னு சாயங்காலத்துக்குள்ள எல்லாருக்கும் மெயில் போடுங்க."

அவள் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மெயில் போட்டால் அதைக் காட்டியே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். போடாவிட்டால்? அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். சுற்றி ஒன்பது பேர் இருந்தோம். ஒன்பது பேரும் லேப்டாப்பையே பார்த்தோம். வாரம் தவறாமல் இங்கே வீரம் பேசும் நானும்தான். வெட்கமாக இருக்கிறது.

மதியம் என் பக்கத்து சீட்டில், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே அம்மாவுக்குப் போன் போட்டாள். அவள் அம்மா மாரியம்மாவுக்கு விஸ்வநத்தத்தில் பட்டாசு ஆலை வேலை. அன்று லீவு.

"ஓனர்ஷிப் எடுக்கச் சொல்றாங்கம்மா..."

"ஏத்தா, நெசமாவா? ஒன்னைய ஓனராக்கிட்டாகளா! அதுக்கு எதுக்கு அழுவுற?"

அழுகையோடு அவளுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. நடந்ததை விளக்கினாள். பிறகு மாரியம்மாவின் குரல் எனக்கே கேட்டது.

"இங்கன வெடிச்சா ஓனரு தலைமறைவு, போர்மேனு கைதுன்னு பேப்பர்ல போடுவாக. ஒங்க கம்பெனி அதுக்கும் மேல இருக்கே! வெடிச்ச பொறவு வேலைக்காரியப் புடிச்சு ஓனராக்குறாக. சரி தாயி, ஓனருன்னா உத்தரவு போடு. எதுக்குப் பயப்படுற?"

சாயங்காலம் மெயில் வந்தது.

'சொன்னபடி ஓனர்ஷிப் எடுத்துக்கொண்டேன். என் முதல் உத்தரவு: டெஸ்ட் முடியும்வரை ஆப்பை நிறுத்த வேண்டும். இதை முன்பே சொல்லியிருந்தேன். அந்த மெயிலையும் எம்.டி.யின் பதிலையும் இணைத்திருக்கிறேன்.'

எல்லாருக்கும் போடச் சொன்னாரல்லவா? எல்லாருக்கும் போட்டாள் — அந்த நூறு பெட்டி வியாபாரிக்கும்! 'செல்வராணி சொல்வது உண்மை' என்று கீழே நானும் ஒரு வரி எழுதி அனுப்பினேன். தாமதமாக வந்த வீரம்தான், என்ன செய்ய?

மறுநாள் செல்வராணி வழக்கம்போல் தன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். எம்.டி.யைத்தான் காணவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். அவசரமாக வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள்.

சாயங்காலம் மாரியம்மாவின் போன்.

"என்னத்தா, ஒங்க எம்.டி. என்ன சொன்னாரு?"

"அவர் வெளியூராம்மா."

"அப்படிச் சொல்லு. அப்ப அவருதான் ஓனரு!"