அசையாமல் நின்ற கனவுப் பாட்டு

எதிரே நிற்பவர் யாரென்றே தெரியாத ரிவர்ஸ்டன் மலை மூடுபனியிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. மாத்தளையில் எல்லோரும் அவரை மனேஜர் என்றே கூப்பிட்டார்கள். எந்தக் கம்பனிக்கு மனேஜர் என்று யாரும் கேட்டதில்லை. பாட்டுக்காரியான என்னையும், ஆர்மோனியக்காரரையும், பெண் வேடம் கட்டும் ஒருவரையும் தேயிலைத் தோட்டத்துத் திருவிழாக்களுக்கும் நாவுல ஊர்ப் பக்கத்துக் கலியாண வீடுகளுக்கும் அழைத்துப் போவதுதான் அவர் தொழில். மைக் கையில் கிடைத்துவிட்டால் அவரை மேடையிலிருந்து இறக்குவது கஷ்டம். ஒருநாள் ஜலதோஷத்தில் என் தொண்டை கட்டிவிட்டது. "இன்னைக்கு நம்ம குயில் புதுக் குரல்ல பாடுவாங்க" என்று கூசாமல் அறிவித்தார். சனமும் கைதட்டியது.

அறுபதுகளின் கடைசியில் அவருக்குச் சினிமா ஆசை பிடித்தது. இருந்த ஒரே லொறியை விற்றுத் தயாரிப்பாளர் ஆனார். படத்தில், கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு நடுவே கதாநாயகி பாடிக்கொண்டே ஓட வேண்டும். அவளுக்குக் குரல் கொடுத்தது நான். சினிமாவில் நான் பாடிய ஒரே பாட்டு அது. கொழும்பிலிருந்து கமரா அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் வந்தது. அன்று அந்தக் காட்சியை எடுக்க முடியாவிட்டால் படமும் இல்லை, என் பாட்டும் இல்லை.

தோட்டத்துச் சனம் குடியிருக்கும் லயம் லயமாகப் போய் மனேஜர் ஆள் சேர்த்திருந்தார். வந்தவர்களைப் பார்த்ததும் டைரக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். அத்தனை பேரும் தீபாவளிச் சேலையில் வந்திருந்தார்கள். முகம் நிறையப் பவுடர், தலை நிறையப் பூ. கூடையை ஒருத்தியும் கொண்டுவரவில்லை. ஆளனுப்பிக் கூடைகளை வரவழைத்து முதுகில் மாட்டிவிட்டார்கள். கமரா ஓடத் தொடங்கியதும் எல்லோரும் கைகளைத் தொங்கப்போட்டு, மூச்சைப் பிடித்து, கமராவையே முறைத்தபடி நின்றுவிட்டார்கள். கதாநாயகி மட்டும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தாள்.

"கொழுந்து பறிங்கம்மா, கை அசையட்டும்" என்று மனேஜர் கெஞ்சினார்.

முன்வரிசையில் நின்ற ஒரு பெண் உதடு அசையாமலே பதில் சொன்னாள். "கமரா முன்னால அசையலாமாங்க? மொகம் கலைஞ்சு போயிருமே."

அவளைக் குறை சொல்ல முடியாது. கலியாணத்தன்று மாத்தளை ஸ்டூடியோவில் ஒரேயொரு முறை கமராவுக்கு முன்னால் நின்றவர்கள் அவர்கள். அங்கே கண் சிமிட்டினாலே திட்டு விழும். திரும்பத் திரும்ப எடுத்தும் யாரும் அசையவில்லை. பிலிம் தீர்ந்துகொண்டிருந்தது, பள்ளத்திலிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. டைரக்டர் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். என் பாட்டு போயிற்று என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மனேஜர் மெதுவாக டைரக்டர் பக்கத்தில் போய் நின்றார். "ஐயா, இத கனவாக்கிருங்க. கனவுல யாரு கொழுந்து பறிக்கிறா?"

அப்படியே எடுத்தார்கள்.

படம் மாத்தளைத் தியேட்டருக்கு வந்தபோது தோட்டமே திரண்டு வந்தது. என் பாட்டு தொடங்கியதும் கொட்டகை முழுக்க எழுந்து நின்றது. "அந்தா எங்க மாமி", "ஏய், நம்ம செல்லாயி" என்று ஒரே கூச்சல். ஆடாமல் நின்றதால் ஒவ்வொரு முகத்தையும் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது. பாட்டில் ஒரு வரிகூட யார் காதிலும் விழவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு மனேஜரோடு பேசாமலே வீட்டுக்குப் போனேன்.

படம் வேறு எங்கும் ஓடவில்லை. மனேஜர் பழையபடி திருவிழாக்களுக்குத் திரும்பி, லொறி இல்லாமலே காலத்தை ஓட்டினார். அந்தப் பெண்களில் பாதிப் பேர் இரு நாட்டு ஒப்பந்தப்படி குடும்பத்தோடு கப்பலேறி இந்தியாவுக்குப் போனார்கள். போன வருடம் அங்கிருந்து சொந்தக்காரரைப் பார்க்க வந்த, அவர்களில் ஒருத்தியின் மகள், விசாரித்துக்கொண்டு மாத்தளைக்குப் பக்கத்து அலுவிகாரையில் என் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"அந்தப் படம் எங்கயாச்சும் இருக்குங்களாக்கா? எங்கம்மா ரெண்டாவது வரிசையில நிக்கிறாங்க. அவங்க போட்டோ ஒண்ணுகூட எங்ககிட்ட இல்ல."

எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை என்றேன். தேநீர் குடித்துவிட்டு, அம்மா கட்டியிருந்த சேலையின் நிறத்தை எனக்கு விவரமாகச் சொன்னாள். பாட்டைப் பற்றி அவளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை.