மஞ்சள் சங்குச் சட்டை

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நம்பாமல் இருக்க நானே எட்டு மாதமாக முயற்சி செய்து பார்க்கிறேன், முடியவில்லை. நேரத்தை மட்டும் சரியாகச் சொல்லிவிடுகிறேன். என் கம்ப்யூட்டர் திரையின் மூலையில் கடிகாரம் உண்டு.

என் பெயர் ஜெபசெல்வி. தருவைகுளத்தில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் போட்டோ, கல்யாண ஆல்பம், அப்புறம் இறந்தவர்கள் படம். நல்ல படம் இல்லையென்றால், இறந்தபின் போனில் எடுத்ததைக் கொண்டுவருவார்கள். நான் கண்ணைத் திறந்து வைக்க வேண்டும். அதே வயதுள்ள வேறொருவர் படத்திலிருந்து கண்ணை வெட்டி, மூடிய இமைமேல் வைத்து, ஓரத்தை மழுக்கிவிடுவேன். யாருடைய கண் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை, காலை 11.40. அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா வந்தார். எங்கள் ஊர் முகம் இல்லை. கையில் ஒரு போன்.

“ஏம்மா, என் மவனுக்குக் கண்ணத் தொறந்து வச்சிருதியா? சாயங்காலம் எடுத்துருவாக.”

“வேற படம் இல்லையாம்மா?”

“நல்லதா ஒண்ணுமில்ல. அவன் போனும் கடலோட போச்சு.”

“பேரு சொல்லுங்க, கீழ போடணும்.”

“பெறவு சொல்லுதேன்.”

துக்கத்தில் இருப்பவரிடம் என்ன வம்பு என்று, வயரைச் செருகிப் படத்தை ஏற்றினேன். இருட்டான படம். முகம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. கழுத்துவரை துண்டு. எடுத்த நேரத்தைப் பார்த்தேன். புதன், காலை 6.52.

இன்றைக்குச் செவ்வாய்தானே... போனில் தேதி தப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கண்ணுக்கு ஒரு முப்பது வயது ஆள் வேண்டும். அவசரத்தில் அகப்பட்டது ஸ்டெபின் அண்ணனின் பாஸ்போர்ட் படம். எனக்கென்று இருக்கும் ஒரே சொந்தம் அவன்தான். தங்கி மீன்பிடிக்கக் கடலுக்குப் போய் நாலு நாள் ஆகியிருந்தது.

வழக்கமாகக் கண்ணைப் பெரிதாக்கி, சாய்த்து, அரைமணி நேரம் மல்லுக்கட்ட வேண்டும். இது வைத்ததும் பொருந்திவிட்டது. சேமித்தேன். 12.05.

வெளிச்சத்தைக் கூட்டினேன். துண்டுக்கு மேலே சட்டைக் காலர் தெரிந்தது. நீலத் துணி. அதில் மஞ்சள் புள்ளிகள்... இன்னும் கூட்டினேன். புள்ளி இல்லை. சங்கு. சின்னச் சின்ன மஞ்சள் சங்கு.

தூத்துக்குடியில் கடை கடையாக ஏறி நான் எடுத்த துணி. அண்ணனின் படகுக்காரர்களுக்குத் திருவிழாச் சட்டை தைக்க எடுத்தது.

முகத்தைப் பார்த்தேன்.

அண்ணன் என்னைப் பார்த்தான்.

திரும்பினேன். நாற்காலி காலி. வயரின் முனையில் போன் இல்லை. கதவைத் திறந்தால் மணி அடிக்கும்... அடிக்கவே இல்லை.

கடையைப் பூட்டாமல் ஓடினேன்.

படகு முதலாளி தேவபிரசாதம் அண்ணாச்சி வீட்டில் வயர்லெஸ் உண்டு. 12.20. கர்ர்... கர்ர்...

“ஏளா செல்வி, என்னளா?”

அண்ணன் குரல். உயிரோடு இருக்கிறான்!

“அண்ணே, இப்பமே திரும்பி வா!”

“கிறுக்கா பிடிச்சிருக்கு? வலை தண்ணியில கெடக்கு.”

அண்ணாச்சியின் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். விடவே இல்லை. கடைசியில் அவர் வயர்லெஸ்ஸை வாங்கினார்.

“ஏலே, வலையச் சட்டுன்னு இழுத்துக்கிட்டு வந்து சேருங்கலே.”

புதன் காலை 6.40. படகு வந்தது. அண்ணன் இறங்கினான். கட்டிக்கொண்டு சிரித்தேன், அழுதேன். சாவை ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அண்ணன் என் கையை விலக்கினான்.

அவன் பின்னால் நாலு பேர் ஒருவனைத் தூக்கி இறக்கினார்கள். நீலச் சட்டை. மஞ்சள் சங்கு. கயத்தாறுப் பக்கத்து ஆள், படகுக்குப் புதிது. நான் பார்த்ததே இல்லை. அவசரமாக வலை இழுத்தபோது கயிறு காலில் சுற்றி அவனைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டது.

யாரோ கழுத்துவரை துண்டைப் போர்த்தினார்கள். அவன் வீட்டுக்கு அனுப்ப, போனில் ஒரு படம் எடுத்தார்கள்.

மணி பார்த்தேன். 6.52.

“நீ கூப்பிடலன்னா நாங்க ஆறு பேரும் உசுரோட அங்கனதான் மீன் பிடிச்சிக்கிட்டுக் கெடப்போம்,” என்றான் அண்ணன்.

ஆறு பேருக்கும் ஒரே துணி. எடுத்தது நான். அந்த முகத்தில் அண்ணன் கண்ணை வைத்ததும் நான். பயத்தில் இது ஒன்றுமே தோன்றவில்லையே...

வீட்டில் இருக்க முடியாமல் கடையில் போய் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரைத் தொடவில்லை.

11.40. மணி அடித்தது.

அதே அம்மா. அதே போன்.

“ஏம்மா, என் மவனுக்குக் கண்ணத் தொறந்து வச்சிருதியா?”

“நேத்து... வந்தீங்களா?”

“இந்த ஊருக்கே இப்பந்தாம்மா வாரேன்.”

“பேரு?”

“லிங்கராஜ்.”

வயரைச் செருகினேன்.

திரையில் ஒரு கேள்வி. இதே கோப்புப் பெயரில் ஒரு படம் ஏற்கெனவே இருக்கிறது... மாற்றவா? பக்கத்தில், நேற்று 12.05-க்கு நான் சேமித்த படம்.

அந்த அம்மா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

“தொறந்துல்லா இருக்கு,” என்றார்.