மகதலேனாவும் நைட்ரிக் ஆக்சைடும்

மலேசியாவின் கிள்ளானில் பல வருஷம் பள்ளி வேன் ஓட்டியவர் மகதலேனா. பார்க்கின்சன் நோய் வந்து வலது கை நடுங்கத் தொடங்கியதும் அவராகவே வேனை விட்டுவிட்டார். நோயைக்கூடப் பொறுத்துக்கொண்டார், வீட்டுக்கு வருகிறவர்களின் வைத்தியத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவர்களில் முதல் ஆள், மறைந்த கணவரின் தம்பி ஐவன். ஏதோ விற்பனைக் கூட்டத்துக்குப் போய்விட்டு ஒரு டின் பவுடரோடு வந்தார்.

“அண்ணி, இது உடம்புல நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டும். ரத்தக் குழாய் எல்லாம் ஓப்பன் ஆயிரும். நடுக்கம் நின்னுரும் லா.”

“போன மாசம் நோனி ஜூஸுக்கும் இதத்தானே சொன்ன?”

அவர் வாயை அடைப்பதற்காகவே மகதலேனா அதைக் கரைத்துக் குடித்தார். அந்த ஞாயிறு பூசையில் மண்டியிட்டு எழுந்தபோது கண் இருட்டி, பெஞ்சில் நெற்றி மோத விழுந்தார்.

மருத்துவமனையில் தையல் போட்ட பிறகு, ஐவன் எடுத்து வந்திருந்த அந்த டின்னை டாக்டர் அமுதவள்ளி திருப்பிப் படித்தார்.

“ஆன்டி, உங்க நோய்க்கு எழுந்து நின்னாலே பிரஷர் இறங்கும். இது ரத்தக் குழாயை இன்னும் தளர்த்தியிருக்கும்.”

“மூளைக்கு நல்லதுன்னாங்களே?” என்றார் ஐவன்.

“மூளையிலயும் நைட்ரிக் ஆக்சைடு இருக்கு அங்கிள். அளவா இருந்தா செல்லுக்குச் செல் சேதி கொண்டுபோகும். பார்க்கின்சன்ல அழற்சி வந்து அளவுக்கு மேல சுரந்தா, இன்னொரு பொருளோட சேர்ந்து விஷமாகி, உடம்பு அசைவுக்கு வேணுங்கிற டோபமின் சுரக்குற செல்லையே அரிக்குதுன்னு ஆராய்ச்சி சொல்லுது. இந்தப் பவுடர் அதைச் செஞ்சுச்சுன்னு சொல்லல. ஆனா இவங்களுக்கு வேணாம்.”

மகதலேனாவின் எரிச்சல் டாக்டர் பக்கம் திரும்பியது. “அப்ப அந்தச் சனியனை நிறுத்த ஒரு மாத்திரை குடுங்களேன்!”

“இன்னும் கண்டுபிடிக்கல ஆன்டி. ஒரேடியா நிறுத்தினா ரத்த ஓட்டம், ஞாபகம் எல்லாம் கெடும். இப்போதைக்கு மாத்திரையைத் தவறாம போடுங்க, உடற்பயிற்சிக்குப் போங்க.”

“இருந்தாலும் குத்தம், இல்லாட்டியும் குத்தம். என் மாமியார் மாதிரியே இருக்கு.”

ஐவன் கூரையைப் பார்த்தார்.

நெற்றித் தையல் பிரித்த மறுநாளே மலர்ந்த முகத்தோடு வந்து நின்றார். கையில் ஒரு புட்டி. “அண்ணி, இது நைட்ரிக் ஆக்சைடைக் குறைக்குமாம்!”

செருப்பு வாரை மாட்ட முடியாமல் போராடிக்கொண்டிருந்த மகதலேனா வெடித்தார். “போதும் ஐவன்! மருந்து கொண்டுவர ஊரே இருக்கு. பிரிக்பீல்ட்ஸ்ல உடற்பயிற்சி கிளாஸுக்குக் கூட்டிட்டுப் போகத்தான் ஒருத்தனும் இல்ல!”

ஐவன் குனிந்து வாரை மாட்டிவிட்டார்.

இப்போது வியாழன்தோறும் அவர்தான் காரில் அழைத்துப் போகிறார். நடுக்கம் நிற்கவில்லை, நடை மட்டும் கொஞ்சம் உறுதிப்பட்டிருக்கிறது. சிக்னலில் கார் நின்றால் போதும், ஐவன் புது மருந்து ஒன்றைப் பற்றி ஆரம்பிப்பார். மகதலேனா ரேடியோ சத்தத்தைக் கூட்டிவிடுவார்.