மொட்டை, மீசை, டீச்சர்

என் அண்ணனுக்கு மூன்று நண்பர்கள் இருந்தார்கள். மொட்டை, மீசை, டீச்சர். கம்ப்யூட்டரில் ஒரு அப்டேட் போட்ட அன்று மூன்று பேரும் ஒரேயடியாகப் போய்விட்டார்கள். போனார்கள் என்றால் செத்துப்போகவில்லை. அவர்கள் பிறக்கவே இல்லை. அது தெரிந்தபோது எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

அண்ணன் முப்பத்திரண்டு வருடம் போட்டோ ஸ்டுடியோவில் டச்சப் வேலை பார்த்தவன். முகத்தில் இருக்கிற பருவை எடுப்பான், குடும்பப் படத்தில் கண்ணை மூடிக்கொண்டவர்களுக்குக் கண்ணைத் திறந்து வைப்பான். கல்யாணம் மட்டும் செய்துகொள்ளவில்லை. எந்தப் பெண்ணின் படத்தைக் காட்டினாலும், "வெளிச்சம் சரியில்லையே" என்பான். நான் தலையில் அடித்துக்கொள்வேன். ஸ்டுடியோவை மூடியபோது முதலாளி அங்கிருந்த பெரிய கம்ப்யூட்டரை அவனுக்கே கொடுத்துவிட்டார்.

அம்மா இருந்தவரை பேச்சுத்துணை இருந்தது. அவள் போனபின் மாடியில் ஒற்றை அறை, அவன், அந்தக் கம்ப்யூட்டர். நான் இருப்பதோ ஒரு நாள் முழுக்க ரயிலில் போகவேண்டிய தூரம். என் வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து படுத்த படுக்கை, நான் அசைய முடியாது. ஞாயிறுதோறும் போன் செய்து, "இந்த வாரம் யார்கிட்டயாவது பேசினியாண்ணா?" என்பேன். "பால்காரர்கிட்ட" என்பான். உடனே நான் அழுவேன். அதுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை.

அப்புறம் ஒரு ஞாயிறு படம் ஒன்று வந்தது. பூங்கா பெஞ்சில் அண்ணன். பக்கத்தில் ஒரு மொட்டைத்தலைக்காரர், ஒரு மீசைக்காரர், கண்ணாடி போட்ட ஒரு டீச்சர். "காலைல நடக்கப் போற எடத்துல பழக்கம்" என்றான். என் வயிற்றில் பாலை வார்த்தான். அன்றிலிருந்து வாரம் ஒரு படம். ஒரு நாள் சீட்டாட்டம், ஒரு நாள் மழையில் நாலு பேரும் ஒரே குடைக்குள். "என்னண்ணா, டீச்சர் உன் பக்கமே சாயறாங்க?" என்று சீண்டுவேன். "சும்மா இருடி" என்பான், குரலே வெட்கப்படும். சரி, இந்த மனுஷனுக்கு இப்போதாவது விடிந்ததே என்று இரண்டு வருடம் நிம்மதியாகத் தூங்கினேன்.

கெடுத்தது என் வாய்தான். ஒரு படத்தில் மொட்டை தம்ளரைப் பிடித்திருந்த கையைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அவருக்கு ஆறு விரலா? அதிர்ஷ்டக்காரர்தான்!" என்றேன். அண்ணன் சட்டென்று பேச்சை மாற்றிப் பால்காரர் கதைக்குப் போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு படம் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. மூன்றாவது வாரம் நான் போட்ட சத்தத்தில், "எல்லாரும் போயிட்டாங்கம்மா" என்று சொல்லி விக்கி விக்கி அழுதான். அறுபது வயது ஆள்! ஒரே வண்டியில் போய் விபத்தில் மாட்டிக்கொண்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, வீட்டுக்காரரை நாத்தனாரிடம் ஒப்படைத்து, "மூணே நாள்" என்று கெஞ்சிக் கூத்தாடி ரயிலேறினேன்.

அறைக்குள் நுழைந்ததுமே எனக்கு உறைத்தது. ஒரே நாற்காலி, ஒரே தட்டு, ஒரே தம்ளர்.

"இவ்வளவு பேர் வந்து போற வீடாண்ணா இது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். "படம் வரையற ஏஐம்மா. கண்ட கம்பெனிக்காரன்கிட்ட நம்ம முகத்தைக் கொடுக்க வேணாம்னு நம்ம மெஷின்லயே ஏத்தி வெச்சேன். ஆள் எப்படி இருக்கணும்னு எழுதி, ஒரு நம்பர் கொடுத்தா ஒரு ஆள் வரும். அதே எழுத்து, அதே நம்பர்னா அதே ஆள்தான் வரும். கூட நிக்க வெச்சு நிழல் சேர்க்கறது என் கைவேலை."

"அப்ப ரெண்டு வருஷமா என் காதுல பூ சுத்தினியா? உன் டீச்சருக்குக் குளிருமேன்னு ஸ்வெட்டர் பின்னிட்டிருக்கேன், தெரியுமா? ஒரு கை முடிஞ்சாச்சு!"

"நீ அழுவியேம்மா. படம் வர ஆரம்பிச்சப்புறம் நீ ஒரு தடவகூட அழல."

புது அப்டேட்டில் விரலெல்லாம் சரியாக வரும் என்று போட்டிருந்ததாம். நான் விரலை எண்ணிய பயத்தில் பட்டனை அமுக்கிவிட்டான். எனக்கும் காட்டினான். நோட்டைப் பார்த்து மொட்டையின் நம்பரை அடித்தான். ஐந்து விரலும் அச்சடித்த மாதிரி வந்தன. முகம்தான் யாரோ; ஏஐ மாறினால் அதே நம்பருக்கு வேறு ஆள் வருமாம். டீச்சரின் நம்பருக்கும் அதே கதி; கண்ணாடி இருந்தது, ஆனால் அது டீச்சர் இல்லை.

"பழைய படத்தையெல்லாம் எங்க வெச்சிருக்க?"

"வெச்சுக்கலயே. ஸ்டுடியோல பிரிண்டை யார் வெச்சுக்குவா? கவர் மேல நெகட்டிவ் நம்பர் இருந்தா போதும், எப்ப வேணாலும் போட்டுக்கலாம். அந்தப் பழக்கத்துல நம்பரை மட்டும் எழுதி வெச்சுட்டு எல்லாத்தையும் அழிச்சுட்டேன்."

அடப்பாவி! நம்பர் பத்திரமாக இருக்கிறது, நெகட்டிவ் போய்விட்டது.

"என் போன்ல இருக்கேண்ணா, எல்லாப் படமும்."

"அது அன்னிக்குச் சிரிச்ச சிரிப்பும்மா. புதுசா ஒண்ணு சிரிக்காது."

"பழைய அப்டேட்டுக்கே திரும்ப முடியாதா?"

"முடியும். அந்த ஏஐயைச் செஞ்சவனே பழசையும் விட்டு வெச்சிருக்கான். ஒரு மணி நேர வேலை." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "மூணு வாரமா உக்காருவேன், கை போகல. பொய்னு தெரிஞ்சே அழுதேனே, அதுல பயந்துட்டேன். கிறுக்கு பிடிச்சுடுமோன்னு." கொஞ்சம் பொறுத்து, "இப்பதான் உனக்கும் தெரிஞ்சுபோச்சே, இனிமே எதுக்கு அது? நீ ஒரு மாசம் இருந்துட்டுப் போயேன்" என்றான்.

பிறந்ததிலிருந்து அவன் என்னிடம் எதையும் கேட்டதில்லை. நான் தம்ளரைக் கழுவப் போனேன்.

அந்த இரண்டு நாளும் அவன் வாய் ஓயவில்லை. சமைக்கும்போது கூடவே நின்று பேசினான். நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று பேசினான். கீழ்வீட்டுக்காரர் குழாயை மாற்றியது, பால்காரர் சைக்கிளை விற்றது, எதையும் விடவில்லை. இவ்வளவு பேச்சையும் இவன் எங்கேதான் வைத்திருந்தானோ!

மூன்றாம் நாள் காலை நாத்தனார் நான்கு முறை கூப்பிட்டுவிட்டாள். வீட்டுக்காரர் யார் ஊட்டினாலும் சாப்பிடவில்லையாம். அண்ணன் என் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தான். வண்டி கிளம்ப இரண்டு நிமிடம் இருந்தபோது ஜன்னலுக்கு வெளியே நின்று, "அடுத்து எப்பம்மா வருவ?" என்றான். என்னிடம் சொல்ல ஒரு தேதி இல்லை. நானாவது போவதாவது!

"பழசையே ஏத்திடுண்ணா" என்றேன்.

பொய் சொன்னான் என்று அந்தக் குதி குதித்தவள் நான்தான். வெட்கத்தில் அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"சரிம்மா" என்றான்.

அடுத்த ஞாயிறு படம் வந்தது. ஏதோ ஒரு மேஜையைச் சுற்றி நாலு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளேயிருந்து வீட்டுக்காரர் தண்ணீர் கேட்டார். கொடுத்துவிட்டு வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாரையும் நான் கேட்டதாச் சொல்லுண்ணா" என்று எழுதி அனுப்பினேன்.

"சொல்றேம்மா" என்று உடனே பதில் வந்தது.