ஐந்து பத்துக்கு ஒரு சோதனை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று அம்மா சொல்வார். அந்தக் கோபத்தால் உருப்படியாக நடந்த ஒரே காரியம் இது.

கண்டியில், பேராதனை வீதியில் மாடியொன்றில் இருந்த சிறிய மென்பொருள் நிறுவனத்தில் அப்போது எனக்கு ஐந்தாவது மாதம். ஆறு மாதம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம். அதற்கான கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் எங்கள் குழுத் தலைவர்; யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், பிடிவாதக்காரர். ஓர் ஆஸ்பத்திரியின் கிளினிக்குக்குப் போனிலேயே வரிசை நம்பர் எடுக்கும் செயலியைச் செய்துகொண்டிருந்தோம். அன்றைய நம்பரை அன்று காலை ஐந்து மணியிலிருந்து எடுக்கலாம்.

தானியங்கிச் சோதனைகளை அமைப்பது என் வேலை. யாராவது நிரலில் ஒரு வரியை மாற்றினாலும் சோதனைகள் எல்லாம் தாமாக ஓடி, சரியென்றால் பச்சை, பிழையென்றால் சிவப்பு காட்ட வேண்டும். மூன்று வாரம் மண்டையை உடைத்து அமைத்து முடித்தேன். எல்லாம் பச்சை. குழுவில் எல்லோரும் கைகொடுத்தார்கள். எனக்குத்தான் ஏதோ உறுத்தியது. தேடிப் பார்த்தால், ஒவ்வொரு சோதனையிலும் கடிகாரம் காலை பத்து மணியில் நின்றது. எனக்கு முன்னே முதல் சோதனையை எழுதியவர் வைத்த நேரம். நானும் யோசிக்காமல் அதையே வைத்திருந்தேன். ஒன்பதரைக்கு வந்து பிளேன்டீ குடித்துவிட்டு உட்காருகிற எங்களுக்குப் பொழுது அப்போதுதானே விடிகிறது.

என் வீடு பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில். அம்மாவுக்குச் சீனி வருத்தம், அதாவது சர்க்கரை நோய். மாதம் ஒருமுறை ஐந்து இருபது பஸ்ஸில் கண்டிக்கு வருவார். வந்து சேர்வதற்குள் நம்பர் முடிந்துபோய், அன்றைய வேலையையும் விட்டுவிட்டு, மருந்து எழுதும் கிளினிக் கொப்பியோடு சும்மா திரும்பிய நாட்கள் உண்டு. இனி அவர் பஸ் ஏறுமுன்னே நம்பர் எடுத்துவிடலாம். கடிகாரத்தை ஐந்து பத்துக்குத் திருப்பிச் சோதனையை ஓட்டினேன். சிவப்பு.

செயலி ஓடிய சேர்வர் கணினியின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில், நம்முடையதற்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருந்தது. நமக்குக் காலை ஐந்தரை ஆகும்வரை அதற்கு நேற்றுத்தான். அதற்குமுன் எடுக்கும் நம்பரில் நேற்றைய தேதி விழுந்தது.

குழுத் தலைவரிடம் காட்டினேன்.

"உந்தச் சோதனை ஒண்டை மட்டும் இப்ப நிப்பாட்டி வையும் தங்கச்சி. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் குடுக்கோணும். விடியப்புறம் அஞ்சு மணிக்கு ஆர் நம்பர் எடுக்கப் போகினம்?"

"எங்க அம்மா எடுப்பாங்க."

"ஒரு ஆளுக்காகவோ?"

"அம்மா வர்ற பஸ்ஸுல உக்கார எடம் கெடைக்காதுண்ணே. பாதி பேரு கிளினிக்கு போறவங்க."

"வேலியிலை போற ஓணானைப் பிடிச்சு மடியிலை விடுறீர்" என்றார்.

என் கடிதம் ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் வாய் நிற்கவில்லை. சோதனை போனில் நேற்றைய தேதி விழுந்த அந்த நம்பரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"இத கவுன்டர்ல நீட்டிப் பாருங்க. இது நேத்து நம்பர், போங்கன்னு சிங்களத்துல சொல்லுவாங்க. நீங்கன்னா சண்ட போடுவீங்க. எங்க அம்மா ஒன்னும் பேசாம திரும்பி வந்துருவாங்க. நிப்பாட்டுறதுன்னா நீங்களே நிப்பாட்டுங்கண்ணே, நான் செய்ய மாட்டேன்."

அவர் போனில் இருந்த தேதியை வாசித்தார்.

"அந்த பஸ் எத்தினை மணிக்கு?"

"அஞ்சு இருபது."

ஆஸ்பத்திரிக்கு அவரே போன் பண்ணி இன்னும் ஒருநாள் கேட்டார். நிரல் எழுதுகிறவர்கள் முணுமுணுத்துக்கொண்டே திருத்தினார்கள். மறுநாள் பின்னேரம், காலை ஐந்து பத்துச் சோதனையும் பச்சையானது. என் கடிதத்தில் கையெழுத்துப் போட்டபோது அவர் ஒரு வார்த்தை பாராட்டவில்லை. ஆனால் இன்றுவரை எந்தப் புது வேலை முடிந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "அஞ்சு பத்துக்கு ஓட்டிப் பாத்தனீரோ?" என்பதுதான்.

அடுத்த கிளினிக் நாளில் பஸ் நிற்கும் இடத்தில் அம்மாவோடு நின்றேன். ஐந்து பத்துக்கு அவரே போனை அமுக்கி நம்பர் எடுத்தார்.

"தேதி என்னாம்மா போட்டிருக்கு?"

"இன்னைக்கு தேதிதான். வேற என்னாத்த போடுவாங்க?"

சொல்லிவிட்டுப் போனைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அவர் அப்படிச் சந்தேகமே இல்லாமல் கேட்க வேண்டும் என்றுதான் நான் அவ்வளவு சண்டை பிடித்தேன். பெருமை தாங்கவில்லை எனக்கு. நானும் ஏறி, உட்கார இடமில்லாமல் கண்டிவரை நின்றுகொண்டே வந்தேன்.